எல்லாவற்றையும் வாதத்தின் தலையில் கட்டாதீர்கள்

டாக்டர், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வக்கீல் தாக்கல் செய்த பதில் மனுவை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். நீள நீளமான ஆங்கில வாக்கியங்கள். சாரம் இவ்வளவுதான்: மனுதாரருக்குப் பல வருடங்களாக முடக்குவாதம், அந்த நோயின் தன்மையால்தான் செயற்கை மூட்டில் கிருமி புகுந்தது, மருத்துவர் தரப்பில் குறை ஏதும் இல்லை. ஆக, குற்றவாளி என் நோய். அதைச் சுமந்துகொண்டு வந்து உங்கள் வாசலில் இறக்கியவள் நான். நீங்கள் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர்.

உங்கள் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ நான் எழுதவில்லை. வழக்கு நடக்கும்போது கூடாது என்று என் வக்கீல் தடுத்துவிட்டார். எழுதாவிட்டால் என்ன, படிக்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு அவரவர் ஊர் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வரத்தான் போகிறது.

ஒன்று கேட்கிறேன். எனக்கு வாதம் இருப்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது? முட்டியைத் திறந்து பார்த்த பிறகா? முதல் நாள் உங்கள் அறைக்குள் நுழைந்தபோதே என் கை காட்டிக்கொடுத்துவிட்டதே. விரல்கள் நாலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மணிக்கட்டு முண்டு முண்டாக இருக்கும். அந்தக் கையை நீங்களே பிடித்துத் திருப்பிப் பார்த்து, "சரவாங்கி ரொம்ப வருஷமாவாம்மா?" என்று கேட்டீர்கள். கூட நின்ற சின்ன டாக்டர்களுக்கு என் விரல்களைக் காட்டிப் பாடம்கூட நடத்தினீர்கள். பாடம் நடத்தும்போது நினைவிருந்த நோய், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது மறந்துபோனது. கிருமி வந்த பிறகு, வக்கீலுக்குச் சொல்லும்போது மட்டும் மறுபடி ஞாபகம் வந்திருக்கிறது.

சரவாங்கிக்காரி என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது எலும்பு டாக்டருக்குத் தெரியாத சங்கதி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தின்கிற நோய் இது. அதை அடக்குவதற்காக வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் காலையில் கொஞ்சம் ஸ்டீராய்டு, போதாததற்கு டோஃபாசிட்டினிப் என்று ஒரு புது மாத்திரை. எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் வலி அடங்கும், கிருமிக்கும் கொண்டாட்டம்தான். முழங்கால் மூட்டு மாற்றிக்கொள்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குக் கிருமி பிடிக்கிறது என்றால், வாதக்காரர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதனால்தான் அமெரிக்காவில் வாத டாக்டர்களும் மூட்டு ஆபரேஷன் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று 2017-ல் எழுதிவைத்தார்கள். 2022-ல் திருத்தியும் வெளியிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்த வேண்டியதில்லை. டோஃபாசிட்டினிப் வகை மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்னால் நிறுத்த வேண்டும். காயம் ஆறிய பிறகே, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, மறுபடி தொடங்க வேண்டும்.

நான் கத்திக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவுவரை அந்த மாத்திரையை விழுங்கினேன். உங்கள் வார்டு சிஸ்டர்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்த ஒரு மாத்திரையால்தான் எல்லாம் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் வாத டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்க வேண்டியது தெரிந்திருக்கும். அவருடைய நம்பர் என் பழைய சீட்டின் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது. சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, பணம் எப்போது கட்டுகிறீர்கள் என்று எல்லாம் கேட்டீர்கள். இதைக் கேட்கவில்லை.

சம்மதப் படிவம் கொண்டுவந்தார்கள். பல பக்கம், எல்லாம் ஆங்கிலம். "கிருமி தொத்துறதுக்கு ஒரு பர்சன்ட் சான்ஸ் இருக்கும்மா, எல்லார்கிட்டயும் சொல்றதுதான்" என்றார் கொண்டுவந்த பையன். எல்லாரிடமும் சொல்வதை என்னிடம் ஏன் சொன்னார்கள்? எனக்கென்று ஒரு கணக்கு இருந்ததே. அதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் சம்மதித்திருப்பேன். முட்டி மடங்காமல், பேருந்துப் படி ஏற முடியாமல் இருந்தவள் நான்; வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அப்போது கண்ணைத் திறந்துகொண்டு சம்மதித்திருப்பேன்.

சரி, கிருமி வந்துவிட்டது. உலகத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வருகிறது. வந்ததை அல்ல, வந்த பிறகு நீங்கள் நடந்துகொண்ட விதத்தை என் மனசு இன்னும் பொறுக்கவில்லை.

தையலின் கீழ்முனையில் ஓர் இடம் காயவே இல்லை. பஞ்சை எடுத்தால் நடுவில் ரத்தச் சிவப்பு, சுற்றி மஞ்சள் வளையம். வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் அது நனைந்துதான் இருந்தது. "தண்ணிதாம்மா, ஒண்ணுமில்ல, கட்டு நனைஞ்சா மாத்திக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். எங்கள் ஊர் நர்சம்மா வந்து மாற்றுவார். மாற்றிய கட்டு சாயங்காலத்துக்குள் நனைந்துவிடும். அவர்தான் முதலில் மூக்கைச் சுளித்தார். "வாடை வருதுக்கா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். காட்டினோம். நீங்கள் பஞ்சைத் தொடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தீர்கள். மாத்திரை எழுதினீர்கள்.

செயற்கை மூட்டில் கிருமி பிடிப்பதைப் பற்றிப் பேசவென்றே பல நாட்டு நிபுணர்கள் 2013-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கூடினார்கள். காயம் 5 முதல் 7 நாள் தாண்டியும் கசிந்துகொண்டிருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, திறந்து கழுவ வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு எனக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்த வேறொரு டாக்டர் இதைச் சொன்னபோது நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. எங்கோ கூடி எழுதியது உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? மாநாட்டுக்கெல்லாம் போய்வருகிற ஆள் நீங்கள். வரவேற்பறையில் அந்தப் படங்களைத்தானே மாட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம் வலி. ராத்திரியில், அசையாமல் படுத்திருந்தாலும் உள்ளுக்குள் விண்விண் என்று தெறிக்கும் வலி. சரவாங்கியோடு பாதி ஆயுளைக் கழித்தவள் நான், டாக்டர். வாத வலி எனக்கு வீட்டு மனுஷி மாதிரி பழக்கம். விடிகாலையில் விறைப்பாக வரும், கை கால் அசைய அசைய இளகும், ஒரு மூட்டில் வந்தால் ஜோடி மூட்டிலும் வரும். இது அதுவல்ல என்று சொன்னேன். "உங்களுக்கு வாதம் இருக்கேம்மா, அப்படித்தான் இருக்கும். வாத டாக்டரைப் பாருங்க" என்றீர்கள். வாத டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆபரேஷன் பண்ண மூட்டு, பண்ணவர்தான் பாக்கணும்" என்றார். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார், நீங்கள் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை. மாசக்கணக்கில் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஆட்டோக்காரருக்குத்தான் வருமானம்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறியிருந்தது. "வாதம் இருந்தா ஏறத்தான் செய்யும்" என்றீர்கள். காய்ச்சல் இல்லை. "கிருமின்னா காய்ச்சல் வரணுமே" என்றீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவளுக்குக் காய்ச்சல் அடங்கிக் கிடக்கும் என்பது மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தராத ரகசியமா? வாதம் இருப்பதால் ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்றால், அடுத்தது என்ன? மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் எத்தனை வெள்ளணு, எந்தக் கிருமி என்று பார்க்க வேண்டும். வாதக்காரர்களிடமும் அந்தக் கணக்குக் கிருமியைச் சரியாகவே காட்டிக்கொடுக்கும் என்று 2012-லேயே ஆராய்ச்சி வந்துவிட்டது. இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். ஓர் ஊசி, ஒரு பாட்டில், சில நிமிடம்.

அந்த ஊசியை நீங்கள் ஒருமுறைகூட எடுக்கவில்லை. எடுக்காமலே ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் கேட்கவில்லை என்றால் அதைவிட விலை கூடியது. அந்த அட்டைகளை மகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டாவது டாக்டர் அதைக் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இதெல்லாம் சாப்பிட்ட உடம்பில் கிருமி சாகாது, ஆனால் பரிசோதனையில் சிக்காமல் பதுங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் நிறுத்தி, குறைந்தது இரண்டு வாரம் காத்திருந்துதான் நீர் எடுக்க முடியும் என்றார். அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று என்று என் வீட்டுச் சுவரைக் கேளுங்கள். எடுத்த நீரையும் இன்னொரு இரண்டு வாரம் லேபில் வளர்த்துப் பார்த்தார்கள், மெதுவாக வளர்கிற கிருமியும் தப்பிவிடக் கூடாது என்று. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று முடிவு வந்தது.

அதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. முட்டிக்குச் சற்றுக் கீழே கொப்புளம் கிளம்பி, உடைந்து, சீழ் வந்தது. துடைத்தால் நிற்கும், மறுநாள் வரும். எலும்புவரை புரையோடிவிட்டது என்று அந்தத் துளையே சொல்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "தையல் கொப்புளம்."

முப்பது வருடம் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். மையத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் போதும், அன்றைக்குச் சமைத்ததில் எடுத்துவைத்த மாதிரி எங்கே, பருப்பு எப்போது வந்தது, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினாய் என்று அதிகாரிகள் வந்து நிற்பார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே சஸ்பெண்ட். சத்துக்குறைந்த பிள்ளைகள் வருகிற இடம் என்று தெரிந்துதானே அங்கே அடுப்பு மூட்டுகிறோம்.

உலோகத்தின்மேல் கிருமி உட்கார்ந்தால் தன்னைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. ஆபரேஷன் முடிந்த சுமார் ஒரு மாதத்துக்குள், அல்லது தொந்தரவு தொடங்கி மூன்று வாரத்துக்குள் பிடித்துவிட்டால், மூட்டைத் திறந்து சுரண்டிக் கழுவி, நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம். எனக்கு அது பலித்திருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. வாதக்காரர்களுக்கு அதிலும் பலன் குறைவு என்கிறார்கள். ஆனால் அந்த வாய்ப்பு எனக்கு இருந்தது. உங்கள் "பார்க்கலாம், பார்க்கலாம்" அதைத் தின்றுவிட்டது.

பிறகு மிச்சமிருந்தது ஒரே வழி. போட்டதை எல்லாம் கழற்றினார்கள். சரவாங்கியாலும் ஸ்டீராய்டாலும் பொத்துப்போன எலும்பு. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதுவும் பெயர்ந்து வந்ததாம். அந்த இடத்தில் வான்கோமைசின் பொடி கலந்த சிமெண்ட் கட்டியை வைத்து அடைத்தார்கள். கால் மடங்காது. மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, கிருமி போகிறவரை காத்திருக்க வேண்டும். இதை இரண்டு கட்ட ஆபரேஷன் என்கிறார்கள். முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை எந்தப் புத்தகமாவது எழுதியிருக்கிறதா, தெரியவில்லை.

அந்தக் காலில் எடையை ஊன்றக் கூடாது, வாக்கரைப் பிடித்து நடங்கள் என்றார்கள். எந்தக் கையால்? தேய்மானத்துக்காக மூட்டு மாற்றியவர்களுக்குக் கை நன்றாக இருக்கும். எனக்கு வாக்கர் கம்பியைச் சுற்றி விரல் மடங்காது. உடம்பின் பாரத்தை மணிக்கட்டில் கொடுத்தால் உயிர் போகும். பிசியோதெரபி பையன் நல்ல பிள்ளை. கம்பியில் பழைய துணியைச் சுற்றி மொத்தமாக்கி, பிறகு முழங்கையை ஊன்றுகிற மாதிரி பலகை வைத்த வாக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தான். அது வரும்வரை கட்டிலுக்கும் கக்கூஸ் நாற்காலிக்கும் நடுவிலான நாலடி தூரத்துக்கு மகளும் மருமகனும் என்னைத் தூக்கினார்கள். மருமகன் தூக்க வேண்டியிருந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கிருமி இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கூடாது என்று ஸ்டீராய்டைத் தவிர மற்ற வாத மாத்திரைகளை நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடங்கிக் கிடந்தது எழுந்துகொண்டது. தோள், மணிக்கட்டு, தாடைகூட. சோற்றைப் பிசைய முடியவில்லை, பிசைந்து ஊட்டினாலும் மெல்ல முடியவில்லை. வான்கோமைசின் ஏற்ற நரம்பு கிடைக்காமல் கை முழுக்கக் கன்றிப்போனது. அதன்பின் ரிஃபாம்பிசின். உலோகத்தில் ஒட்டுகிற ஸ்டாஃபைலோகாக்கஸை மற்ற மருந்தோடு சேர்ந்து ஒழிக்க அது உதவும் என்று 1998-லேயே சுவிட்சர்லாந்தில் நிரூபித்தார்களாம். இங்கே அது காசநோய் மருந்து என்றுதான் எல்லாருக்கும் தெரியும். மருந்துக் கடையில் பத்துப் பேர் முன்னால், "யாருக்குக்கா டி.பி.?" என்று சத்தமாகக் கேட்டான் பையன். அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை எங்கள் திண்ணைப் பக்கம் வரவில்லை.

அந்த மாத்திரைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஸ்டீராய்டை உடம்பிலிருந்து சீக்கிரமாக வெளியேற்றிவிடும். அதே அளவு ஸ்டீராய்டுதான் சாப்பிடுகிறேன், வேலை மட்டும் பாதியாகிவிட்டது. வலி ஏன் இப்படி ஏறுகிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. வாத டாக்டரையும் ஆபரேஷன் டாக்டரையும் ஒரே அறைக்குள் கூட்டிவைத்துப் பேசிய அன்றுதான் அது பிடிபட்டது. இரண்டு டாக்டர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச என் கால் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

விலை என்றதும் காசைச் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், மறு ஆபரேஷனுக்கான மூட்டுக்கு 1,13,950 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. நல்ல காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உச்சவரம்பு உலோகத்துக்குத்தான். கழற்றுவதற்கு ஒரு தியேட்டர் கட்டணம், மாட்டுவதற்கு ஒரு தியேட்டர் கட்டணம், நடுவில் வாரக்கணக்கில் படுத்திருந்த அறைக்கு வாடகை, இதற்கெல்லாம் எந்த வரம்பும் இல்லை. ஓய்வுபெறும்போது கிடைத்த பணம் முதலில் போனது. பிறகு வீட்டடி மனை. உங்கள் பதில் மனுவில் "கேட்ட இழப்பீடு மிகையானது" என்று ஒரு வரி இருக்கிறது. மனையை விற்ற பத்திரத்தின் நகலை இணைத்திருக்கிறோமே, பார்க்கவில்லையா?

உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இத்தனை ஆயிரம் மூட்டுகள் மாற்றி வெற்றி என்று பெரிய பேனர் தொங்குகிறது. அந்தக் கணக்கில் என் மூட்டு இருக்கிறதா? இருக்கும். நான் வாக்கரோடு சிரித்துக்கொண்டே நடந்த வீடியோவை மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள். அதைக் கழற்றிய சங்கதி யார் கணக்கில் இருக்கிறது? சுவீடனில் 1975-லிருந்து முழங்கால் ஆபரேஷன்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2003-லிருந்து இருக்கிறது. எந்த மூட்டு எத்தனை வருடம் உழைத்தது, எது எதற்காகக் கழற்றப்பட்டது என்பது அதில் ஏறிவிடும். இங்கே டாக்டர்கள் சங்கம் நடத்துகிற ஒரு பதிவு உண்டு. எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம். கெட்டுப்போன மூட்டோடு வேறு ஊருக்குப் போகிற நோயாளி உங்கள் கணக்கில் நலமாக வீடு திரும்பியவள்.

என் வக்கீல் கேட்கிற கேள்விகள் சட்டப்படி இருக்கும். நான் கேட்பது காகிதம். மறு ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டாவது டாக்டர் கேட்டது ஒன்றுதான்: உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, என்ன அளவு? மூட்டின் பெட்டியில் ஒட்டி வருகிற ஸ்டிக்கரை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டுமாம். நீங்கள் கொடுத்த இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் "முழு மூட்டு மாற்று சிகிச்சை செய்யப்பட்டது, நலமாக உள்ளார்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மகள் எழுதிக் கொடுத்தாள், பதிவுத் தபாலில் அனுப்பினாள், நேரில் போய் நின்றாள். ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருக்கிறவர் லீவு என்றார்கள்.

இப்போது புது மூட்டு இருக்கிறது. தொடை எலும்புக்குள்ளும் கெண்டைக்கால் எலும்புக்குள்ளும் நீளக் கம்பி இறக்கி, கீல் வைத்த மூட்டு. கொஞ்சம் மடங்குகிறது. கிருமி போய்விட்டதா என்று கேட்டால், "இப்போதைக்கு இல்லை" என்கிறார் டாக்டர். அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொல்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. மறுபடி வந்தால் முட்டியை மடங்காமல் இணைத்துவிடுவதா, தொடைக்குக் கீழே எடுத்துவிடுவதா என்றுதான் பேச வேண்டியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வலது முட்டியும் தேய்ந்து, ஆபரேஷன் செய்தாக வேண்டிய நிலையில் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அடுத்த விசாரணைக்கு மூன்று ஆவணங்களைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு எனக்கு என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்கிற மருந்துச் சீட்டு. தினமும் கட்டு எப்படி நனைந்திருந்தது என்று சிஸ்டர்கள் எழுதிய குறிப்பு. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம். என் வாதத்தின்மேல் பழி போடும் முன்னால் அவற்றைக் கொண்டுவந்து ஆணையத்தின் மேசையில் வையுங்கள், டாக்டர்.